சாக்கெட் 478: பொருந்திய துளையும் ஓடாத கணினியும்

கணினியின் மூளை செயலி என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்த மூளை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தாய்ப்பலகையின் நடுவே பால்வெள்ளை நிறத்தில், பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோலுடன், நூற்றுக்கணக்கான துளைகளோடு ஒரு சதுரம் இருக்கும். அதற்குச் சாக்கெட் என்று பெயர். கலைச்சொல் அகராதிகளில் 'பொருத்துவாய்' என்றும் 'குதை' என்றும் காணலாம். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் கணினிக் கடையில் போய்க் குதை கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பதால், இக்கட்டுரையில் சாக்கெட் என்றே எழுதுகிறேன்.

பல வகைச் சாக்கெட்டுகளில் 478-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜாசின் வட்டாரத்துத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டிற்கு 2003-இல் வந்த முதல் கணினி அந்தச் சாக்கெட்டைக் கொண்டது. அப்பா செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில், தவணை போட்டு வாங்கியது. 1.7 ஜிகாஹெர்ட்ஸ் செலரான் செயலி, 128 மெகாபைட் நினைவகம். தங்கையின் பள்ளிப் பயிற்சிகள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் இடுபணிகள், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் வரவு செலவு என எல்லாம் அதில்தான் நடந்தன.

2004-இல் நான் டுரியான் துங்காலுக்குப் படிக்க வந்தேன். அப்போது நம் பல்கலைக்கழகத்தின் பெயர் மலேசிய தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி. 2007-இல்தான் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என ஆனது. மின்னணுவியல் படிக்கிறான் மகன், கணினி மெதுவாக ஓடுகிறது, அவன் சரிசெய்வான் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன். 2006 தவணை விடுமுறையில், பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 180 ரிங்கிட் கொடுத்து 2.8 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 ஒன்றை வாங்கினேன். வாங்கும் முன் கேட்டது ஒரே கேள்வி: "சாக்கெட் 478 தானே?" அவர் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. அது 478 தான்.

வீட்டில் பொருத்தினேன். ஊசிகள் துளைகளில் இறங்கின, நெம்புகோலும் மடங்கியது. விசையை அழுத்தியதும் விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்: "கச்சிதமா உட்கார்ந்துருச்சி இல்ல, அப்புறம் ஏன்டா ஓட மாட்டேங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய கேள்விக்கான பதில்தான் இக்கட்டுரை.

478 என்ற எண் எப்படி வந்தது?

பென்டியம் 4 முதன்முதலில் 2000 நவம்பரில் வெளிவந்தபோது அதன் சாக்கெட் 423. அது ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட்டில் 478 வந்தது. துளைகள் கூடின, அளவோ சுருங்கியது. 423-க்கான செயலி ஏறத்தாழ 53 மில்லிமீட்டர் சதுரம். 478-க்கானது 35 மில்லிமீட்டர் சதுரம். ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி 1.27 மில்லிமீட்டர்தான்.

எண்ணிக்கையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். குறுக்கே 26, நெடுக்கே 26 எனக் கட்டம் போட்டால் 676 இடங்கள். நடுவில் 14-க்கு 14 என்ற சதுரம் காலியாக விடப்பட்டிருக்கிறது; அதில் 196 போய்விடும். மீதி 480. செயலியைத் திருப்பி வைத்துச் செருகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு மூலையில் இரண்டு ஊசிகளைக் குறைத்திருக்கிறார்கள். ஆக 478.

செருகும்போது அழுத்தம் கொடுக்கக் கூடாது. நெம்புகோலைத் தூக்கினால் துளைகள் தளர்ந்து நிற்கும். செயலி தன் எடையிலேயே உள்ளே இறங்கும். நெம்புகோலை மடக்கினால் மேல்தகடு சற்று நகர்ந்து, உள்ளிருக்கும் உலோகப் பற்கள் ஒவ்வோர் ஊசியையும் பக்கவாட்டில் பற்றிக்கொள்ளும். விரலால் அமுக்கினால்தான் இறங்கும் என்றிருந்தால் ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள்.

இந்த 478 ஊசிகளும் தகவலைச் சுமப்பவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் பாதிக்கும் மேற்பட்டவை மின்சாரம் வரவும் திரும்பிப் போகவும் மட்டுமே இருக்கின்றன. ஏன் இத்தனை? ஒரு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சுமார் 60 வாட் திறனை 1.5 வோல்ட் அழுத்தத்தில் எடுக்கிறது. வகுத்துப் பாருங்கள், 40 ஆம்பியர் வருகிறது. நம் விடுதி அறையில் ஒளித்து வைத்துத் தண்ணீர் காய்ச்சும் மின்கேத்தல் 2000 வாட் என்றாலும், 240 வோல்ட்டில் அது எடுப்பது 8 ஆம்பியர் சொச்சம்தான். கட்டைவிரல் அகலத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சதுரத்துக்குள் ஐந்து கேத்தல்களின் மின்னோட்டம் பாய்கிறது! அதை 85 ஊசிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால்தான் ஊசிக்கு அரை ஆம்பியர் என்ற அளவில் தாங்கும். பென்டியம் 4 தாய்ப்பலகைகளில் செயலிக்கென்றே நான்கு முனை கொண்ட ஒரு சதுரமான 12 வோல்ட் இணைப்பு வந்ததும் இதனால்தான். 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் கம்பியில் 5, 6 ஆம்பியர் போதும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட்டுகளும் சுருள்களும் அதை 1.5 வோல்ட்டாக இறக்கி, மின்னோட்டத்தை அந்தக் கடைசி சில சென்டிமீட்டர் தூரத்தில் மட்டும் பெருக்கிக் கொடுக்கின்றன. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் வேலைப் பயிற்சிக்குப் போன நண்பர்களுக்கு மாஸ்ஃபெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

செயலி தாய்ப்பலகையோடு பேசும் விதம்

செயலிக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பது தாய்ப்பலகைக்கு எப்படித் தெரியும்? செயலிதான் சொல்கிறது. அதற்கென்று ஐந்து ஊசிகள் உண்டு. ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஐந்தையும் சேர்த்தால் 32 சேர்க்கைகள். அவற்றில் 31 சேர்க்கைகள் 1.1 வோல்ட் முதல் 1.85 வோல்ட் வரை 0.025 வோல்ட் இடைவெளியில் ஒவ்வோர் அழுத்தத்தைக் குறிக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று 'இங்கே செயலி இல்லை, மின்சாரம் விடாதே' என்று பொருள்படும். பள்ளியில் படித்த ஈரடிமான எண்முறை எங்கே பயன்படப்போகிறது என்று அலுத்துக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க.

அடுத்தது வேகம். செயலியும் தாய்ப்பலகையும் பேசிக்கொள்ளும் பாதை 64 பிட் அகலம், அதாவது 8 பைட். முதலில் வந்த பென்டியம் 4-களில் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றுக்கு நான்கு முறை தகவல் போகும். அதனால்தான் அதை 400 என்று விளம்பரப்படுத்தினார்கள். விநாடிக்கு 3.2 ஜிகாபைட். 2002-இல் இது 533 ஆனது. 2003-இல் 800 ஆகி, விநாடிக்கு 6.4 ஜிகாபைட்டை எட்டியது. மூன்றும் ஒரே சாக்கெட், ஒரே 478 துளைகள். ஆனால் 400-ஐ மட்டும் அறிந்த தாய்ப்பலகையில் 800 செயலியைப் போட்டால், அது கேட்கும் துடிப்பைப் பலகையால் தர முடியாது.

எங்கள் வீட்டுப் பலகையில் இருந்தது இன்டெல் 845 சிப்செட்டின் முதல் வகை. அது எஸ்டிராம் நினைவகத்தோடு வேலை செய்யும். அந்த நினைவகம் தரக்கூடியதோ விநாடிக்கு 1 ஜிகாபைட் சொச்சம். செயலியின் பாதை 3.2 கொள்ளும், நினைவகம் தருவது அதில் மூன்றில் ஒரு பங்கு. வேகமான செயலி வாங்க 180 ரிங்கிட் செலவழிப்பதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டிய முதல் கணக்கு இது. பார்க்கவில்லை.

ஒரே ஓர் ஊசி

விடுமுறை முடிந்து திரும்பியதும் கணினிக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தச் செயலிக்கான இன்டெல் தொழில்நுட்ப ஏட்டைப் பதிவிறக்கம் செய்து படித்தேன். நான் வாங்கியது 'பிரெஸ்காட்' என்ற தலைமுறை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாக்கெட் 478-இல் மூன்று தலைமுறைப் பென்டியம் 4-கள் உட்கார்ந்திருக்கின்றன. 180 நானோமீட்டரில் செய்த வில்லமெட், அதில் 42 மில்லியன் டிரான்சிஸ்டர்கள். 2002 ஜனவரியில் 130 நானோமீட்டரில் வந்த நார்த்வுட், 55 மில்லியன். 2004 பிப்ரவரியில் 90 நானோமீட்டரில் வந்த பிரெஸ்காட், 125 மில்லியன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி வெள்ளி மூடி போட்ட சதுரங்கள்.

பிரெஸ்காட்டுக்கு அழுத்தத்தைச் சொல்ல ஐந்து ஊசிகள் போதவில்லை, ஆறு வேண்டியிருந்தது. இடைவெளியும் 0.0125 வோல்ட்டாகக் குறைந்தது. பழைய பலகைக்கு ஐந்து ஊசி மொழிதான் தெரியும். ஆறு எழுத்தில் எழுதியதை ஐந்து எழுத்தாகப் படித்து, தவறான அழுத்தத்தை உள்ளே விட்டால் என்ன ஆகும்? இங்குதான் இன்டெல் பொறியாளர்கள் ஓர் அருமையான காரியம் செய்திருக்கிறார்கள். பழைய செயலிகளில் ஓரமாக நின்ற ஒரு தரை ஊசியை எடுத்து, பிரெஸ்காட்டில் அதற்கு வேறு வேலை கொடுத்தார்கள். பூட்செலக்ட் என்று அதற்குப் பெயர். பிரெஸ்காட்டுக்கென வடிவமைத்த பலகையில் அந்தத் துளையில் தரை இணைப்பு இருக்காது. செயலி தானே அதை மேலே இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய பலகையிலோ அந்தத் துளை தரையோடு இணைந்திருக்கும். அந்த ஊசி தாழ்நிலையில் இருப்பதைக் கண்டால் பிரெஸ்காட் இயங்காது.

அதாவது, அன்று எங்கள் வீட்டில் அந்தச் செயலி கெட்டுப்போகவில்லை, பலகையும் கெட்டுப்போகவில்லை. 478 ஊசிகளில் 477 எதுவும் சொல்லாதபோது, ஒன்று மட்டும் 'இது எனக்கான வீடு அல்ல' என்று கண்டுகொண்டு வாயை மூடிக்கொண்டது. அந்த ஏட்டில் அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி, அந்தத் தவணை முழுவதும் வேறெதிலும் வரவில்லை. 180 ரிங்கிட் போன வருத்தத்தைக்கூட அது பாதியாகக் குறைத்தது என்றால் மிகையாகாது.

குறுக்குவழி தேடுவோர் உண்டு. அந்த ஊசியை மட்டும் மறைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் செய்யவில்லை. 2.8 ஜிகாஹெர்ட்ஸ் பிரெஸ்காட்டின் வெப்பத் திறன் 89 வாட். அதன் அழுத்தத்துக்கு மின்னோட்டம் 65 ஆம்பியர் அளவில் போகும். 40 ஆம்பியர் அளவுக்குத் தயாரான பலகையின் மாஸ்ஃபெட்டுகளிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் செயலியின் மூடியில் 'மலாய்' என்று பொறித்திருந்தது. மலேசியாவைத்தான் அப்படிச் சுருக்கியிருந்தார்கள். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தொடங்கியது. 1975-இல் தீ விபத்தில் அழிந்தும் மீண்டும் எழுந்த ஆலை அது. சிலிக்கான் வில்லைகள் வெளிநாட்டில் உருவாகி வரும். அவற்றை அறுத்து, தளத்தில் பொருத்தி, மூடியிட்டு, சோதித்து அனுப்பும் வேலை இங்கு நடக்கும். பென்டியம் 4 மூடிகளில் கோஸ்தாரிகா, பிலிப்பீன்ஸ் என்றும் பார்க்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெயர் போட்டதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சோதனை மேசையில் நின்றவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள். இரவு வேலைக்கான நீல நிறப் பேருந்தில் ஏறிப்போன அக்காமார்கள் எத்தனை பேர் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சரியான செயலியும் வளைந்த ஊசிகளும்

அடுத்த விடுமுறைக்குள் பாடம் கற்றிருந்தேன். பலகையின் பெயரை அட்டையிலேயே பார்த்து, அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட பட்டியலில் எந்தெந்தச் செயலிகள் ஓடும் என்று தேடினேன். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் நார்த்வுட், 400 வகை. 1.5 வோல்ட், ஐந்து ஊசி மொழிக்குள் அடங்கும். பயாஸை மட்டும் முதலில் புதுப்பிக்க வேண்டும். பழைய செலரான் இருக்கும்போதே, நெகிழ்வட்டில் போட்டு அதைச் செய்தேன். இந்த வரிசையை மாற்றினால் வேலை நடக்காது.

ஆனால் ஹீட்சிங்கைக் கழற்றும்போது இன்னொரு பாடம் காத்திருந்தது. சாக்கெட் 478-இன் பெருங்குறை இது. ஹீட்சிங்க் நான்கு மூலையிலும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கொக்கி போட்டு நிற்கிறது; சாக்கெட்டின் நெம்புகோலோ அதற்கு அடியில் மறைந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் காய்ந்த வெப்பப் பசை செயலியையும் ஹீட்சிங்கையும் பசை போட்டு ஒட்டினாற்போல் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து செயலி ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கும் அப்படியே வந்தது. செலரானின் மூன்று ஊசிகள் வளைந்துவிட்டன.

அதை மாற்றத்தான் போகிறோம், போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் புதியது ஓடாவிட்டால் திரும்பிப்போக வேறு வழியில்லை. மெக்கானிக்கல் பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, அதன் வெற்று உலோக முனையை ஊசியின்மேல் மாட்டி, மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் முறிந்துவிடும். சிறிது நிமிர்த்தி, பக்கத்து வரிசைகளோடு கண்மட்டத்தில் ஒப்பிட்டு, மீண்டும் சிறிது. ஓர் ஊசிக்குக் கால்மணி நேரம் ஆனது. தங்கை கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரியான முறை இது: கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பசை இளகியதும் நிறுத்தி, மின்இணைப்பைப் பிடுங்கி, கொக்கிகளைக் கழற்றியபின் ஹீட்சிங்கை இடமும் வலமுமாகச் சிறிது திருக வேண்டும். பிடிமானம் விட்ட உணர்வு கைக்குத் தெரியும். அதன்பிறகுதான் தூக்க வேண்டும். ஊசிகள் செயலியில் இருந்த எந்தச் சாக்கெட்டுக்கும் இது பொருந்தும். இன்டெல் 2004 ஜூனில் எல்ஜிஏ 775-ஐக் கொண்டுவந்து, ஊசிகளைச் செயலியிலிருந்து பலகைக்கு மாற்றிவிட்டது. அன்றிலிருந்து வளைந்தால் பலகைதான் போகும். ஏஎம்டி நிறுவனம் மேசைக் கணினிகளில் ஊசி வைத்த செயலிகளை ஏஎம்4 வரை விடவில்லை. 2022-இல் ஏஎம்5 வந்தபோதுதான் மாறியது. ஆகவே பழைய ஏஎம்4 கணினியைப் பிரிக்கும் இன்றைய மாணவருக்கும் அந்தத் திருகல் தேவைப்படும்.

நார்த்வுட் முதல் முயற்சியிலேயே எழுந்தது. செலரானில் 128 கிலோபைட்டாக இருந்த இரண்டாம் நிலை இடைநினைவகம் இதில் 512. நினைவகம் மெதுவாக இருந்த எங்கள் கணினியில், வேகக் கூடுதலைவிட இதுதான் அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. 130 நானோமீட்டர் என்பதால், 1.75 வோல்ட்டில் ஓடிய செலரானைவிடச் சூடும் குறைவு. விசிறிச் சத்தம் குறைந்ததை முதலில் கவனித்தவர் அப்பா.

அந்தக் கணினி 2011 வரை ஓடியது. பிறகு ஒருநாள் தானாக நின்று நின்று எழத் தொடங்கியது. திறந்து பார்த்தால் சாக்கெட்டைச் சுற்றியிருந்த மின்தேக்கிகளில் நான்கின் தலை வீங்கி, ஒன்றில் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. அக்காலப் பலகைகள் பலவற்றைப் பிடித்த நோய் அது. உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிச் சரக்கறையிலோ கோயில் அலுவலகத்திலோ இப்படியொரு பழைய பென்டியம் 4 கிடைத்தால், விசையை அழுத்துவதற்கு முன் டார்ச்சு அடித்து அந்த மின்தேக்கிகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், நாணயம் போலிருக்கும் சிஆர்2032. வீங்கியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், குறைந்த உள்தடை உள்ள வகையைக் கேட்டு வாங்கிப் பற்றவைக்க வேண்டும். எதிர்முனைக் கோடு எந்தப் பக்கம் என்று கழற்றுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் ஒன்றைத் திருப்பிப் பற்றவைத்து, அதை மீண்டும் கழற்ற நேர்ந்தது.